ஷூ-யூனின் கைகள்

குறைமாதக் குழந்தைகள் பிரிவில் வேலை செய்பவர்கள் நகம் வளர்ப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்ததே இல்லை. தைவானில், தைனான் நகரில் பதினான்கு வருடம் இயன்முறை சிகிச்சை செய்தேன். கையகல உடல்களை எப்படிப் படுக்கவைப்பது, காலை எப்படி மடக்கி வைப்பது, இதுதான் வேலை. சிகிச்சையாளரை அங்கே எல்லாரும் டீச்சர் என்பார்கள். நீங்கள் ஒரு குழந்தையைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதை மட்டும் சொல்கிறேன்.

இருபத்தேழு வாரத்தில் பிறந்தவன். தொள்ளாயிரத்து நாற்பது கிராம். தாய் ஷூ-யூன் வீட்டில் இருந்தாள். பெற்றவள் ஒரு மாதம் வாசல் தாண்டக்கூடாது, குளிர் படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். கணவர்தான் பாலைப் பையில் கொண்டுவருவார். முதல் பதினாறு நாள் அவனுக்குப் பழகிய கைகள் என்னுடையவை. தலையில் ஒன்று, பாதங்களில் ஒன்று. படபடப்பு அடங்கி அவன் தூங்கிப்போவான்.

பதினேழாம் நாள் அவள் வந்துவிட்டாள். ஜூன் வெயிலில் கம்பளிக் குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ்.

"என்னம்மா, பனிமலைக்குக் கிளம்பிட்டியா?" என்றாள் செவிலி ச்சியுங்.

"மாமியாருக்குத் தெரியாம வந்தேன்க்கா. குல்லா போட்டா பாதிப் பாவம்தானே?"

சிரித்தோம். குழந்தையை அவள் நெஞ்சில் வைத்தேன். அவன் முகவாய் கொஞ்சம் தாழ்ந்தது. அந்த வயதில் மூச்சு அடைக்க அது போதும். அலாரம் அடித்தது. வாங்கி நிமிர்த்தினேன், சத்தம் நின்றது.

"நான் என்ன பண்ணேன் டீச்சர்?"

முகவாயை உயர்த்திப் பிடியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதன்பின் அவள் வரும்போதெல்லாம் அவன் பின்தலைக்கு ஒரு துணியை மடித்து வைத்தேன். இரண்டு விரல் தடிமன். முகவாய் தானாகத் தாழும். ஒன்பது முறை அலாரம் அடித்தது. என் கை பக்கத்திலேயே இருந்தது. அவனுக்கு ஆபத்து வர விட்டதில்லை.

"துணி எதுக்கு டீச்சர்?" என்று ச்சியுங் ஒருநாள் கேட்டாள்.

"தலைக்கு ஆதரவு."

"உங்களுக்குத் தெரியாததா."

மாமியாருக்கு விஷயம் எட்டியது. மாதம் முடியுமுன் வெளியே போனதால் கையில் குளிர் ஏறிவிட்டது, அந்தக் கை பட்டால் பிள்ளைக்கு மூச்சு நிற்கத்தான் செய்யும் என்றாராம்.

"அப்படி இருக்குமா டீச்சர்? நீங்க படிச்சவங்க."

"கொஞ்ச நாள் தொடாம இருந்து பாருங்க" என்றேன்.

அவள் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகத் தொடங்கினாள்.

ஆகஸ்ட் கடைசியில் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவசரத்துக்கு என்ன செய்வதென்ற பயிற்சியை மாமியாருக்குத்தான் கொடுத்தேன்.

ஆறாம் நாள் காலை ஷூ-யூன் போன் செய்தாள். மாமியார் பால் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். குழந்தைக்குப் புரையேறி, உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"தூக்கிக் குப்புறப் போட்டு முதுகுல தட்டுங்க."

"நான் தொடமாட்டேன் டீச்சர். தொட்டா செத்துடுவான். நீங்க வாங்க."

"தூக்குங்க, ஷூ-யூன்."

"என் கை சரியில்ல. உங்களுக்கே தெரியும்ல."

உன் கையில் ஒன்றுமில்லை, நான் வைத்த துணிதான் என்று சொல்ல வாய் திறந்தேன். பிறகு, "இதோ வர்றேன்" என்றேன்.

பதினைந்து நிமிடம் ஆனது. தொட்டிலுக்கு இரண்டடி தள்ளி, கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்தபடி அவள் நின்றிருந்தாள். தொட்டிலில் அசைவில்லை.

இப்போதெல்லாம் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது இடது உள்ளங்கையில் ஒரு கனம் வந்து படுக்கிறது. அது விழுந்துவிடாமல் இருக்க, இறங்கவேண்டிய இடம் தாண்டியும் அசையாமல் இருக்கிறேன்.

அவனை அவ்வளவு சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியவர்களை நான் மன்னித்துவிட்டேன்.