பெருவிரல் இருக்க வேண்டிய இடம்

1954 ஜூன் 23, புதன்.

இன்று இடது கைப் பெருவிரலைச் சுட்டுக்கொண்டேன். பிழை என்னுடையதுதான்.

கல்முனையில் மாலை வகுப்பு நடத்தும் மாஸ்டர் நாட்குறிப்புக்கு ஒரு முறை சொல்லித் தந்திருக்கிறார். முதலில் அன்றைய பிழை, பிறகு அதன் காரணம், கடைசியில் நாளைய வேலை. நான் மந்தமான மாணவன். எழுதிப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் விளங்கும். இதையும் அந்த முறைப்படியே எழுதுகிறேன்.

றிவோல்வரை வலது கையால் பிடியின் உச்சியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். இடது கை வந்து வலது கை விரல்களைப் பொத்திக்கொள்ள வேண்டும். இடது பெருவிரல் வலது பெருவிரலின் மேல் மடங்கிக் கிடக்க வேண்டும். அதை முன்னால் நீட்டினால், குண்டுகள் இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள நூலளவு இடைவெளியால் நெருப்புச் சீறி விரலைச் சுடும். இதை மச்சான் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லித் தந்தார். நான்தான் மறந்துவிட்டேன்.

மச்சான் என்றால் மசூர், என் தங்கை ஸுலைஹாவின் கணவர். தெற்கே கோமாரி என்ற ஊர்க்காரர். யுத்தக் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். திரும்பும்போது யாருக்கும் தெரியாமல் அந்த றிவோல்வரையும் கொண்டுவந்துவிட்டார். மார்ச் மாதம் ஒரு நாள் கடற்கரையில் சிரட்டைகளை அடுக்கி எனக்குச் சுடப் பழக்கினார். நான் சுட்ட இரண்டும் இடப்பக்கமாகவே போயின.

“இழுக்காத மச்சான். ஒரு விரலால மட்டும் மெள்ள நசுக்கு. இது தறிக் கயிறில்ல” என்றார்.

“அந்தச் சிரட்டைக்கு ஆயுசு கெட்டி, காக்கா” என்று ஸுலைஹா வாயைப் பொத்திச் சிரித்தாள். அண்ணனான என்னை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

நாங்கள் மருதமுனைத் தறிக்காரர். ஊடு நூலைக் கொண்டு நாடா குறுக்கே ஓடுவதற்கு வலது கை கயிற்றை வெட்டி வெட்டி இழுக்க வேண்டும். காலையிலிருந்து பின்னேரம் வரை அதே வேலை. அதனால் ஒரு விரலை மடக்கச் சொன்னால் என் கை முழுவதும் சேர்ந்து இழுத்துவிடுகிறது. உடைந்த தறிக்கட்டையில் பிடி ஒன்று செதுக்கி, அன்றிலிருந்து தினம் ஐம்பது தடவை பழகினேன். எதற்காக என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. எதையாவது ஒழுங்காகப் பழகுவது நல்லது என்றுதான் நினைத்தேன்.

இனி, காரணம்.

எங்கள் பகுதியில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. அவளுக்கு நாங்கள் வீடு கட்டிக் கொடுப்போம், புருஷன் வந்து இருப்பான். வாப்பா மவுத்தாகி அடக்கமான பிறகு ஐந்து வருடம் நெய்து இந்தக் கல்வீட்டை ஸுலைஹாவுக்குக் கட்டினேன். நான் தறிக்கொட்டிலில் படுக்கிறேன். போன கிழமை மச்சான் அவளைக் கோமாரிக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னார். அங்கே தென்னந்தோட்டத்தைப் பார்க்க ஆளில்லையாம். இன்று பின்னேரம் புறப்பாடு.

அவள் விருப்பமில்லாமல்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் அப்படிச் சொல்லவில்லை. உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கும்போது ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தாள். பெண்கள் துக்கத்தை அப்படி மறைப்பதுண்டு.

றிவோல்வர் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கட்டிலில் கிடந்தது. எடுத்துக்கொண்டு கொட்டில் வாசலில் நின்றேன். மச்சான் கிணற்றடியில் தொழுகைக்காகக் கைகால் கழுவி உளுச் செய்துகொண்டிருந்தார். பதினான்கு காலடித் தூரம். நெஞ்சுக்குக் குறி வைத்தேன். அந்த நேரம் ஸுலைஹா அவருக்குத் துடைக்கத் துவாய் கொண்டு குசினிப் பக்கமிருந்து வந்தாள். அவள் வந்தது அவருக்கு இடப்பக்கம் அல்ல, எனக்கு இடப்பக்கம். என் கை பழக்கப்படி இழுத்துவிட்டது. பெருவிரலும் முன்னால் நீண்டிருந்தது. குண்டு அவள் வயிற்றில் பட்டது.

மச்சான் என்னைத் திட்டவில்லை. அவளை மடியில் கிடத்திவிட்டு, “என்ன வேல பாத்தாய்டா! வெளையாட்டுச் சாமானா இது?” என்று மட்டும் கேட்டார். பிறகு, கிட்ட வந்து நின்ற என் இடது கையைப் பிடித்துக் காயத்தின் மேல் வைத்தார். “பொத்திப் புடி மச்சான். கைய எடுத்துராத. நான் வண்டி கொண்டாறன்.” தெருவுக்கு ஓடினார்.

இரத்தம் சூடாக இருந்தது. சுட்ட விரலுக்கு அது இதமாக இல்லை. ஸுலைஹாவுக்கு நல்ல நினைவு இருந்தது.

“காக்கா, நீங்க வேணுமெண்டு சுடல்லதானே?”

வண்டி வருகிறதா என்று தெருப் பக்கம் பார்த்தேன்.

“ஆசுபத்திரியால வந்து நான் கோமாரிக்குத்தான் போவன். அவர் கூப்பிட்டதெண்டு நினைக்காதங்க. நான்தான் கேட்டன். எந்த நேரமும் நீங்க கொட்டிலுக்குள்ள இருந்து பாத்துக்கிட்டு இருக்கிறீங்க. எனக்கு மூச்சு முட்டுது காக்கா. வீட்ட நீங்களே வெச்சிக்கங்க.”

வலியில் உளறினாள்.

றிவோல்வர் இன்னும் என் வலது கையில்தான் இருந்தது. சரியான பிடிக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் காயத்தின் மேலிருந்த கையை எடுத்தேன். உடுத்தியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டேன், ஈரக் கை வழுக்கும். வலது கையை உச்சியில் வைத்தேன். இடது கையால் பொத்தினேன். பெருவிரலை மடக்கினேன். அவள் “காக்கா” என்று இன்னொரு தடவை சொல்லும்வரை காத்திருந்து, ஒரு விரலால் மெள்ள நசுக்கினேன். கை இழுக்கவில்லை. நினைத்த இடத்தில், நெற்றியில், பட்டது. இந்த முறை பெருவிரல் சுடவில்லை.

ஊர் அதிகாரியான விதானையார் வந்து விசாரித்தபோது நான் வாய் திறக்கவில்லை. மச்சான்தான் அழுதழுது சொன்னார்.

“இவன்ட விரலப் பாருங்க விதானையார், வெந்துபோய்க் கிடக்கு. துவக்குப் புடிக்கத் தெரிஞ்சவன் இப்பிடிச் சுட்டுக்குவானா? கீழ வெக்கக்குள்ள மறுகாவும் வெடிச்சிருக்கு. தங்கச்சியெண்டா உசிர விடுவான் இவன்.”

விதானையார் அதை அப்படியே எழுதினார். “பிடிக்கத் தெரியாமையால் இரு தடவையும் தவறுதலாக வெடித்தது.” எனக்குக் கேட்கும்படி வாசித்தும் காட்டினார்.

ஸுலைஹாவை வீட்டு மண்டபத்தில் கிடத்தியிருக்கிறார்கள். உடலைச் சுற்றும் கபனுக்குத் தறியிலிருந்த வெள்ளைத் துணியை அறுத்துக் கொடுத்தேன். நல்ல நெசவு. அவள் கோமாரிக்குப் போகவில்லை. அவளுடைய வீட்டில்தான் இருக்கிறாள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. விதானையார் எழுதிய அந்த வரிதான் உறுத்துகிறது. முதல் வெடி பிழை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதில் ஒரு பிழையும் இல்லை.

நாளைய வேலை: காலையில் கல்முனைப் பொலிசார் வருமுன் விதானையார் வீட்டுக்குப் போய், அந்த வரியைத் திருத்தச் சொல்ல வேண்டும்.