திருநீறு போட்டுத் துடைத்த வெள்ளி

டயகமவிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் கம்பஸில் படிக்கும் மகளும் இருந்தார்கள். மகளின் மடியில் ஒரு சின்னப் பெட்டி.

"பளபளன்னு இருந்தா அது வேலைக்கு ஆகாதும்மா."

"அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டுகள்ல பூசியிருந்த வெள்ளி கறுத்துப்போய் இருந்துச்சு. சாமி வெளக்கு மாதிரி திருநீறு போட்டுத் தொடச்சேன்."

"அது கறுப்பு இல்லம்மா. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். அது இருந்தாத்தான் மேல சொட்டு வைக்கிற சாயத்தோட மங்கின வெளிச்சம் பல மடங்கா தெரியும். மூணு மாசமா செஞ்சது. நாளைக்கு கம்பஸ்ல எங்க சேர்கிட்ட காட்டணும்."

பஸ் இரண்டு வளைவு தாண்டியதும் மகள் தாயின் பக்கம் திரும்பினாள்.

"ஆறு துண்டையும் தொடச்சிட்டீங்களா?"

"அஞ்சுதான். அதுக்குள்ள திருநீறு தீந்துபோச்சு."

மகள் பெட்டியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். தாய் எழுந்து நின்றாள்.

"டிரைவர் தம்பி, கொஞ்சம் மெதுவா விடுங்க."