கன்னத்தில் பதிந்த உதடு

இருங்க, மேல பேசறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை. குழந்தை வெச்சிருக்கிறவங்க கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கிட்டுக் கேளுங்க.

ஒரு அபார்ட்மெண்ட். சுபாஷிணின்னு ஒரு அம்மா, அவ பொண்ணு ஆதிரை, மூணு வயசு. எதிர் வீட்டுல செல்வராணி... குழந்தை இல்லாதவங்க. ஆதிரைன்னா உசுரு. எப்பவும் வேர்க்கடலையைக் கொறிச்சுக்கிட்டே இருப்பாங்க. ஒரு நாள் கொறிச்ச வாயோட வந்து, கன்னத்துல ஒரு முத்தம் குடுத்துட்டுப் போனாங்க.

கொஞ்ச நேரத்துல அந்தக் கன்னத்துல சிவப்பா ஒரு தடிப்பு. என்ன வடிவம் தெரியுமா? உதடு... ரெண்டு உதடு அப்படியே பதிஞ்ச மாதிரி. இன்னொரு நாள் முத்தம் குடுத்தாங்க. அதே உதடு.

சுபாஷிணி உப்பு மிளகா சுத்தி அடுப்புல போட்டா. நெடியே வரல. "கண்ணுதான்... பிள்ளை இல்லாத கண்ணு"ன்னு முடிவு பண்ணிட்டா. சிரிக்காதீங்க, நீங்களா இருந்தாலும் அதைத்தான் நெனச்சிருப்பீங்க. செல்வராணி வந்து கதவைத் தட்டினா, உள்ளேயிருந்து "பாப்பா தூங்குது." மறுநாளும் "பாப்பா தூங்குது." அப்புறம் அவங்க தட்டறதையே விட்டுட்டாங்க. தடிப்பும் வரல. பாத்தீங்களா... சந்தேகம் உறுதியாயிடுச்சு.

ஒரு மத்தியானம். கதவு பூட்டியிருக்கு. அம்மாவும் பொண்ணும் மட்டும்தான். சுபாஷிணி தன் கையால கடலை உருண்டையைப் பிட்டு ஊட்டறா. ஊட்டி முடிக்கல... உதடு வீங்குது. கண்ணு மூடிக்குது. மூச்சு விசில் அடிக்குது. யாரும் வரல... யாரும் பாக்கல... ஆனா குழந்தை கழுத்தை யாரோ உள்ளேயிருந்து நெரிக்கிறாங்க.

தூக்கிக்கிட்டு ஓடி வந்து கதவைத் திறந்தா, எதிர்ல செல்வராணி.

"கிட்ட வராதீங்க... உங்க கண்ணு பட வேண்டாம்..."

"என்னை அப்புறம் திட்டிக்கம்மா. ஆட்டோ கீழ நிக்குது, இறங்கு."

ஆஸ்பத்திரியில தொடையில ஊசி போட்டாங்க. மூச்சு திரும்புச்சு. டாக்டர் கேட்டார், "முன்னாடி எப்பவாவது கடலை குடுத்திருக்கீங்களா?"

"ஒரு தடவை குடுத்தேன் சார். ஒண்ணுமே ஆகலையே. எதிர் வீட்டு அம்மா கடலை கொறிச்ச வாயால முத்தம் குடுத்தப்பதான் கன்னம் தடிச்சுது."

"அன்னைக்கேதாம்மா ஆகியிருக்கும். உடம்புக்குள்ள ஒரு காவல் படை இருக்கு. கடலையைப் பாத்து எதிரின்னு முடிவு பண்ணிடுச்சு. சத்தமே போடல. திரும்ப எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருந்துச்சு. முத்தத்துல ஒட்டியிருந்த கடலையைக் கூட அது விடல."

சுபாஷிணி கேட்டா, "அப்ப என் பொண்ணு மூச்சை நிறுத்தினது..."

"அவளைக் காப்பாத்த இருக்கிற படைதாம்மா."

வாசல்ல நின்ன செல்வராணி, புடவைத் தலைப்பால உதட்டைத் தொடச்சாங்க... தொடச்சுக்கிட்டே இருந்தாங்க. சுபாஷிணி அவங்க கையப் புடிச்சு உள்ள கூப்பிட்டா. அவங்க வரல. "பாப்பாவை நான் தொட வேண்டாம்மா."

யோசிங்க. உடம்பு கடலையை எதிரின்னுச்சு. வீடு செல்வராணியை எதிரின்னுச்சு. ரெண்டுமே பாசத்துலதான் நடந்தது, ரெண்டுமே கழுத்தை நெரிச்சுது. உங்க மனசுக்குள்ளயும் ஒரு காவல் படை உக்காந்திருக்கு... இந்த நிமிஷமும் யாரையோ எதிரின்னு நெனச்சு சத்தமில்லாம காத்துக்கிட்டிருக்கு. யாருன்னு உங்களுக்கே தெரியும்.

ஆதிரையோட உடம்புக்குக் கடலையை மறக்கத் தெரியாது. அது அதோட நோய். நமக்குமா தெரியாது?