பிளக்காட்டில் இரண்டாவது முகம்

கஜரூபன்: ...ஆனபடியா, நீங்கள் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும், அண்ணை.

யூட்சன்: எட, பொறடா ரூபன். கறிக்கு இந்தக் கணவாயைக் கழுவி முடிக்கிறன். கையெல்லாம் மை.

கஜரூபன்: நீங்கள் கழுவுங்கோ. நான் பக்கத்திலை நிண்டுகொண்டே சொல்லுறன்.

யூட்சன்: வெள்ளைச் சேட்டோடை உதிலை நிக்காதை. தெறிச்சா உன்ர மனிசி என்னைத்தான் பேசுவா. அங்காலை அக்காவுக்குப் பக்கத்திலை கதிரையை இழுத்துப்போட்டு இரு.

பிளோறன்ஸ்: இரு தம்பி. தேத்தண்ணி போடட்டோ?

கஜரூபன்: வேண்டாம் அக்கா, இப்பத்தான் குடிச்சனான். நீங்கள் எழும்பாதேங்கோ. ...என்னண்ணை சொல்லுறியள்?

யூட்சன்: எதுக்கு?

கஜரூபன்: அதுதான் அண்ணை, உங்கட மனிசியை, அக்காவை, என்னோடை நிக்க விடுறதுக்கு. நகரசபைத் தேர்தலுக்கு.

பிளோறன்ஸ்: என்னைப் பற்றித்தானே கதை? நான் உள்ளுக்கை போய் இருக்கட்டோ?

கஜரூபன்: சீச்சீ, இருங்கோ அக்கா. உங்கட விசயம்தானே. நீங்களும் கேளுங்கோ.

யூட்சன்: கேட்டியே பிளோறன்ஸ்? நீயும் கேக்கலாமாம்.

பிளோறன்ஸ்: கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்.

யூட்சன்: சரி ரூபன், முதலிலையிருந்து சொல்லு. எனக்கு இந்த ஜேர்மன் றோட்டிலை பஸ் ஓடத் தெரியும். உங்கட கட்சி ஓடுற விதம் தெரியாது.

கஜரூபன்: இந்தமுறை எங்கட பகுதிக்குக் கட்சி இரண்டு பேரைச் சோடியா விடுது, அண்ணை. லைற்றுக் கம்பங்களிலை கட்டுற பிளக்காட்டிலை இரண்டு முகம் வரும். முதலாவது ஆள்தான் முன்னுக்கு நிண்டு கதைக்கிறது, விவாதத்துக்குப் போறது எல்லாம். மற்ற ஆள் அவருக்குத் துணை. முதலாவதா நான்... நான் நிக்கலாம் எண்டு இருக்கிறன். துணைக்கு ஒரு பொம்பிளை வேணும்.

யூட்சன்: கட்டாயம் பொம்பிளைதான் எண்டு சட்டமோ?

கஜரூபன்: சட்டம் இல்லை. அதுதான் கரைச்சல். சட்டம் இருந்தா ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். இப்ப பழைய ஆக்கள் எல்லாம் வொல்ஃப்காங்கைப் போடு எண்டு நிக்கினம். இளசுகள் சொல்லுதுகள், இரண்டு ஆம்பிளையின்ரை முகத்தைப் போட்டா தாங்கள் ஒரு பிளக்காட்டும் கட்ட வரமாட்டினமாம்.

யூட்சன்: வொல்ஃப்காங் எண்டா... அந்தக் குழாய் வேலை செய்யிற மனிசனோ?

கஜரூபன்: ஓம்.

யூட்சன்: தங்கமான மனிசனடா. போன மாரியிலை வீட்டைச் சூடாக்கிற ஹைற்சுங் நிண்டு வீடு ஐஸ் மாதிரிக் கிடக்கேக்கை, ஞாயிற்றுக்கிழமை எண்டும் பாராமல் வந்து திருத்தித் தந்தவர். அவரைப் போடன்!

கஜரூபன்: அவர் நல்லவர்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. தொழிலாளர் வாக்கு அவரோடை வரும். ஆனா ஒரு பொம்பிளை நிண்டாத்தான்...

பிளோறன்ஸ்: நிண்டாத்தான்?

கஜரூபன்: ...ஒரு வடிவா இருக்கும்.

பிளோறன்ஸ்: எது, பிளக்காட்டோ?

கஜரூபன்: ஐயோ அக்கா, நான் அப்பிடிச் சொல்ல வரேல்லை. தாய்மாரின்ரை வாக்கைச் சொல்லுறன். அண்ணை, நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. அக்காவின்ரை கிண்டர்கார்ட்டனுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுற சனம் எவ்வளவு? ஜேர்மன்காரர், துருக்கிக்காரர், சிரியாக்காரர், எங்கட ஆக்கள்... எல்லாத் தாய்மாருக்கும் அக்காவைத் தெரியும்.

யூட்சன்: அப்ப அது அவவுக்கு விழுற வாக்கு. உனக்கில்லையே.

கஜரூபன்: இரண்டும் ஒண்டுதானே அண்ணை. ஒரே பிளக்காட்.

யூட்சன்: ஓகோ.

கஜரூபன்: அதோடை எனக்குக் கோயில் சனம் இருக்கு. அக்காவுக்குச் சேர்ச் சனம் இருக்கு.

யூட்சன்: அடேயப்பா. கடவுள்மாரையும் பங்கு பிரிச்சுப்போட்டு வந்திருக்கிறாய்.

கஜரூபன்: பகிடி விடாதேங்கோ அண்ணை. நாளைக்குக் காலமை கூட்டம். நான் இரவைக்குள்ளை ஒரு முடிவோடை போகவேணும்.

பிளோறன்ஸ்: தம்பி, ஒண்டு கேக்கட்டோ? பொம்பிளை இவ்வளவு வாக்குக் கொண்டுவருவாள் எண்டா, அவள் ஏன் இரண்டாவதா நிக்கவேணும்?

கஜரூபன்: நல்ல கேள்வி அக்கா. ...அண்ணை, முதலாமிடம் எண்டா லேசுப்பட்ட வேலை இல்லை. ஒவ்வொரு பின்னேரமும் கூட்டம். சமைக்க ஏலாது, வீடு பாக்க ஏலாது.

யூட்சன்: சமையலுக்கு என்ன? உதிலை நான் என்ன செய்துகொண்டு நிக்கிறன், மேளமோ அடிக்கிறன்?

கஜரூபன்: இல்லை அண்ணை, அது மட்டுமில்லை. பேஸ்புக்கிலை கண்டவன் நிண்டவன் எல்லாம் ஏசுவான். வந்தேறி எண்டுவான், திரும்பிப் போ எண்டுவான். பொம்பிளை எண்டா அதிலும் கேவலமா எழுதுவாங்கள். உங்கட மனிசியைப் பற்றி அப்பிடி எழுதினா நீங்கள் தாங்குவியளோ?

யூட்சன்: தாங்கவேண்டியது நானோ, அவவோ?

கஜரூபன்: இரண்டாவதா நிண்டா அந்த ஆக்கினை ஒண்டும் இல்லை. எல்லாத்தையும் முன்னுக்கு நிண்டு நான் வாங்குவன்.

பிளோறன்ஸ்: எனக்கு விழுற ஏச்சை வாங்க வந்திருக்கிறாய். நல்ல பிள்ளை.

யூட்சன்: ஏச்சுக்குப் பயந்த ஆளைப் பிடிச்சாய் போ! போன மாதம் ஒரு தகப்பன்காரன் வந்து, இஞ்சை பொறுப்பான ஆளைக் கூப்பிடு எண்டு கிண்டர்கார்ட்டன் அதிரக் கத்தினவனாம். இவ என்ன செய்தா தெரியுமோ? நான்தான் அந்த ஆள், இருங்கோ எண்டு கதிரையைக் காட்டியிருக்கிறா. பிள்ளையள் இருக்கிற சின்னக் கதிரை. முழங்கால் நாடியிலை முட்ட இருந்துகொண்டு அந்த மனிசன் எப்பிடிக் கத்துறது?

பிளோறன்ஸ்: பாவம், நல்ல மனிசன். பிள்ளையின்ரை சப்பாத்து மாறிப்போச்சு எண்டு வந்தவர்.

கஜரூபன்: அக்கா கெட்டிக்காரி எண்டு ஆர் இல்லையெண்டது? அதுக்காகத்தானே கேக்கிறன். ...இன்னொரு விசயமும் இருக்கு, அண்ணை.

யூட்சன்: இன்னுமோ?

கஜரூபன்: வீடு வீடாப் போய் மணி அடிக்கவேணும். பின்னேரங்களிலை. நானும் அக்காவும் ஒண்டாத்தான் போகவேணும். எங்கட சனத்தின்ரை வாய் உங்களுக்குத் தெரியும்தானே. இன்னாற்றை மனிசி இன்னாரோடை திரியிறா எண்டு துவங்கிவிடுவினம். அதுக்காகத்தான் முதல் உங்களிட்டை வந்தனான். ஒரு மரியாதைக்கு.

யூட்சன்: பொம்பிளை கேட்டு வந்த மாதிரியெல்லோ கிடக்கு. வெத்திலைத் தட்டை எங்கையடா வைச்சிட்டு வந்தனீ? காருக்குள்ளையோ?

கஜரூபன்: அண்ணை...

யூட்சன்: சரி சரி, சொல்லு.

பிளோறன்ஸ்: பொறுங்கோ. தம்பி, என்னைப் பாத்துச் சொல்லு. உனக்கு இந்த முதலாமிடம் அவ்வளவு முக்கியமோ?

கஜரூபன்: ...ஓம் அக்கா.

பிளோறன்ஸ்: ஏன்?

கஜரூபன்: ஒன்பது வருசமாச்சு அக்கா, நான் கட்சிக்குள்ளை வந்து. மழைக்குள்ளை ஏணியைக் கொண்டுபோய், மற்றவையின்ரை முகத்தையெல்லாம் லைற்றுக் கம்பத்திலை கட்டினவன் நான். கோடை விழாவுக்கு விடிய எழும்பி றோல்ஸ் பொரிச்சுக் கொண்டுபோனவன் நான். றோல்ஸ் நல்லாயிருக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும். என்ர பேரைக் கூட்டத்திலை வாசிக்கேக்கை மட்டும் நாக்குச் சுளுக்கின மாதிரி நடிச்சுச் சிரிப்பினம். நானும் சேந்து சிரிப்பன். வேறை என்ன செய்யிறது? ...ஒருக்கா, ஒரேயொருக்கா, என்ர முகமும் அந்தக் கம்பத்திலை முன்னுக்கு நிக்கவேணும். சரியான ஆசையாக் கிடக்கு, அக்கா.

பிளோறன்ஸ்: ம்... ஆசைப்படுறதிலை ஒரு பிழையும் இல்லை, தம்பி.

கஜரூபன்: பாத்தீங்களே அண்ணை, அக்காவுக்கு விளங்குது. இனி உங்கட கையிலைதான் இருக்கு. நீங்கள் சொன்னா அக்கா கேப்பா.

யூட்சன்: எட, இஞ்சை பார் இதை.

கஜரூபன்: என்னண்ணை அது?

யூட்சன்: கணவாய்க்குள்ளை இருக்கிற ஓடு. பிடிச்சு இழுக்கிறன். வருகுதில்லை.

கஜரூபன்: நீங்கள் ஒரு சொல்லு...

யூட்சன்: ரூபன், உனக்கு ஒரு உண்மை சொல்லட்டோ? இந்த வீட்டிலை நான் சொல்லி அவ கேக்கிறது, எந்த றோட்டுப் பூட்டிக்கிடக்கு எண்டதை மட்டும்தான்.

கஜரூபன்: சும்மா சொல்லுறியள். நீங்கள் வீட்டுக்காரர்.

யூட்சன்: வாடகை வீடடா.

கஜரூபன்: ஐயோ அண்ணை, விளையாடுறதுக்கு இப்ப நேரமில்லை. அப்ப நான் வொல்ஃப்காங்கையே கேக்கட்டோ?

யூட்சன்: கேக்கிறதெண்டா கேள். ஆனா அவரைக் கேக்கேக்கை ஆரிட்டைப் போவாய்? அவரின்ரை மனிசியிட்டையோ?

கஜரூபன்: அதேன்? அவரிட்டைத்தான் கேப்பன்.

யூட்சன்: ம். நேரா.

கஜரூபன்: நேராத்தான்.

யூட்சன்: சரி.

கஜரூபன்: என்ன சரி? ...அக்கா, நீங்களும் ஒண்டும் சொல்லாமல் போனை நோண்டிக்கொண்டு இருக்கிறியள்.

பிளோறன்ஸ்: இப்ப என்னட்டையோ கேக்கிறாய்?

கஜரூபன்: ஓம் அக்கா.

பிளோறன்ஸ்: அப்ப சொல்லுறன். போன கிழமை சபீனா என்னைச் சந்திக்க வந்தவ.

கஜரூபன்: எங்கட கட்சிக் கிளைத் தலைவி சபீனாவோ?

பிளோறன்ஸ்: ஓம். முதலாவதா நிக்கச் சொல்லிக் கேட்டவ.

கஜரூபன்: ...ஆரை?

பிளோறன்ஸ்: என்னை.

கஜரூபன்: உங்களையோ? ...அண்ணையிட்டையும் கேட்டவவோ?

யூட்சன்: சபீனாவுக்கு என்ர பேரே தெரியாதடா.

கஜரூபன்: அப்ப உங்களுக்கு இது முதலே தெரியும்?

யூட்சன்: தெரியும். நீ என்னட்டை அதைக் கேக்கேல்லையே. நான் ஓம் எண்டுவனோ எண்டுதானே கேட்டுக்கொண்டு நிக்கிறாய்.

கஜரூபன்: எனக்கு... எனக்கு ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை.

பிளோறன்ஸ்: ஒருத்தருமோ, தம்பி?

யூட்சன்: தண்ணி ஏதும் குடிக்கிறியோடா?

கஜரூபன்: வேண்டாம் அண்ணை.

பிளோறன்ஸ்: இண்டைக்கு மத்தியானம் சபீனா இதைச் சொல்ல உனக்குப் போன் எடுக்கேக்கை நான் அவவுக்குப் பக்கத்திலைதான் இருந்தனான். ரூபனுக்குச் சொல்லாமல் நான் முடிவு சொல்லமாட்டன் எண்டு எடுக்க வைச்சதே நான்தான். நல்லது, சந்தோசம் எண்டு சொன்னனீ. சொல்லிப்போட்டு உடனை போனை வைச்சிட்டாய். எனக்கே ஒரு மாதிரியாப் போட்டுது.

கஜரூபன்: ...தெரிஞ்சுகொண்டுதான் வந்தனான், அக்கா. முதலாமிடத்துக்கு அண்ணை மறிச்சா நீங்கள் இரண்டாவதுக்கு ஒத்துக்கொள்ளுவியள் எண்டு நினைச்சன். இப்ப உங்கட முகத்தைப் பாக்க வெக்கமாக் கிடக்கு.

யூட்சன்: அதுதானே பாத்தன்! பேஸ்புக் ஏச்செல்லாம் எனக்கு எதுக்கடா வந்து ஒப்பிக்கிறான் எண்டு.

கஜரூபன்: மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. நீங்களும் அக்கா.

பிளோறன்ஸ்: அதை விடு. உனக்கு என்ன வேணுமோ, அதை வாயைத் திறந்து கேள்.

கஜரூபன்: நேராக் கேக்கிறன் அக்கா. அந்த முதலாமிடத்தை... எனக்கு விட்டுத் தருவியளோ?

பிளோறன்ஸ்: வாசலாலை வந்த உடனை இதைக் கேட்டிருந்தியெண்டா தந்திருப்பன், தம்பி. தாறதெண்டுதான் நீ வருமட்டும் பாத்துக்கொண்டு இருந்தனான். இவரைப் பாத்து, நீங்கள் சொன்னா அக்கா கேப்பா எண்டு சொன்னாய் பார்... அப்பத்தான் சபீனாவுக்கு எழுதி அனுப்பினன், முதலாவதா நான் நிக்கிறன், துணைக்கு ரூபனை நானே கேக்கிறன் எண்டு. இப்ப கேக்கிறன். நிப்பியோ?