பிந்தி வந்த மிஸ்கோல்

— அப்பா, உந்த ரிமோட்டை வையுங்கோ. ரிவி நிக்கேல்லை, இணையம்தான் நிண்டது.

— இண்டைக்கு இது நாலாந்தரம் பிள்ளை. பந்து அந்தரத்திலை நிக்குது. கீப்பர் வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறான். உந்த வட்டம் எவ்வளவு நேரம் சுத்தும்?

— பொறுங்கோ, வந்திடும். உங்களுக்குத்தான் உந்த ரோசாச் சேட்டுக்காரரைக் கண்ணிலை காட்டக்கூடாதே. பிறகேன் விளக்கு வைக்கமுன்னம் குளிச்சு வெளிக்கிட்டு முன்னுக்குக் குந்திக்கொண்டு இருக்கிறியள்?

— நான் பந்து பாக்கிறன். ஆர் விளையாடினால் எனக்கென்ன? ரிவியோடை பூட்டின உன்ரை கொம்பியூட்டரிலை உந்தப் பலெர்மோக் கழகத்தை விட்டால் வேறை ஒண்டும் வராது.

— வரும். நீங்கள்தான் மாத்த விடுறேல்லை.

— கதையை விடு. ஆ, வந்திட்டுது. போறான் பார். இடப்பக்கம் குடடா, இடப்பக்கம்! குடுத்தான்... அடிச்சான்! கோல்! கோலடி பிள்ளை!

— ஐயோ அப்பா, கதிரை! மெல்லமா. முழங்கால் நோகுதெண்டு காலமையும் எண்ணெய் போட்டனீங்கள்.

— முழங்கால் கிடக்கட்டும். என்ரை போன் எங்கை?

— மடியிலைதானே வைச்சிருக்கிறியள்.

— அது அடிக்கேல்லையே.

— அடிக்கும்.

— அடிக்கும் இல்லை, இவ்வளவுக்கும் அடிச்சிருக்கோணும். ஒவ்வொரு கிழமையும் என்ன நடக்கிறது? கொண்ணை அங்கை இத்தாலியிலை, அந்தப் பலெர்மோ ஸ்ரேடியத்துக்குள்ளை இருந்து பாக்கிறான். கோல் விழுந்த கையோடை எனக்கு மிஸ்கோல் அடிக்கிறான். அதுக்குப் பிறகு நான் ஒரு வெத்திலை மடிச்சு வாயிலை வைக்கிற நேரம் கழிச்சுத்தான் எங்கடை ரிவியிலை அந்தக் கோல் விழுது. இணையம் பிந்தித்தான் வாறதெண்டு நீதானே எனக்கு விளங்கப்படுத்தினனி.

— ஓம். கோல் விழமுன்னமே மணி அடிச்சு, பாக்கிற சந்தோசத்தைக் கெடுக்கிறான் எண்டு கிழமைக்குக் கிழமை பேசுறனீங்கள். இண்டைக்கெண்டாலும் வடிவாப் பாத்தியள்தானே?

— என்னத்தை வடிவாப் பாத்தது? ... இந்தா, இப்ப அடிக்குது.

— பாத்தியளோ, அண்ணை அடிச்சிட்டார்.

— ஒருக்கா அடிச்சு நிண்டிட்டுது. அவன்தான். ஆனால் பிந்திட்டான்.

— சனம் துள்ளிக் குதிச்சிருக்கும். போன் கையாலை விழுந்திருக்கும். எடுத்துக் கேளுங்கோவன் என்னெண்டு.

— உந்தக் கதை வேண்டாம்.

— ஏழு வருசமா இதுதான் சொல்லுறியள்.

— பிள்ளை, நான் அம்மாளுக்கு முன்னாலை உள்ளங்கையிலை கற்பூரம் கொளுத்திச் சொன்னனான், நிருஷனோடை இனி ஒரு சொல்லுக் கதைக்கமாட்டன் எண்டு. கடலுக்குப் போறவன் அம்மாளோடை விளையாடேலாது. மிஸ்கோல் எண்டால் அது கதையில்லை. அவன் அடிக்கிறான், நான் எடுக்கேல்லை. சத்தியம் சத்தியமாக் கிடக்கு.

— அப்ப ஏன் காலமை தொட்டுப் போனைச் சார்ச்சிலை போட்டு வைக்கிறியள்?

— கடலிலை ஏதும் ஒண்டெண்டால் ஆருக்கும் அடிக்கோணுமெல்லோ.

— ஞாயிற்றுக்கிழமையிலை, வீட்டுக்குள்ளை, கதிரையிலை இருந்துகொண்டு?

— வாய் கூடிப்போச்சு உனக்கு. கொம்மா தந்த இடம். அவ எங்கை?

— குணலட்சுமிச் சின்னம்மா வீட்டை.

— நேற்றும் அங்கைதான் நிண்டவ. காலமை என்ரை வலையிலை வந்த கணவாயை முழுக்கக் கறி வைச்சுப்போட்டு எனக்கு ரெண்டு துண்டு போட்டவ. மிச்சத்தைச் சட்டியோடை தூக்கிக்கொண்டு வேலிக்கு அங்காலை போறா. உன்ரை சின்னம்மா எப்ப தொட்டுக் கணவாய் தின்னுறவ? அவவுக்கு அது ஒத்துக்கொள்ளாதெல்லோ.

— எனக்கென்ன தெரியும் அப்பா? பந்தைப் பாருங்கோ.

— பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். உந்த நடுவிலை விளையாடுறவன், ஒம்பதாம் நம்பருக்குப் பின்னாலை நிக்கிறவன், கொண்ணையைப் போலை. பந்தைக் காலிலை எடுக்கமுன்னம் தலையைத் தூக்கிப் பாக்கிறான். அது நான் பழக்கினது.

— அவங்களுக்கும் நீங்கள்தான் பழக்கினதோ?

— நிருஷனுக்குச் சொல்லுறன். கடற்கரை மணலிலை, வெறுங்காலோடை. ஏழு வயசிலை. பிறகு எங்கடை கழகத்துக்கே கப்டன் ஆனவன். கரவெட்டிப் பெடியளோடை பைனல். நெல்லியடியிலை பூட்ஸ் தைக்கக் குடுத்துட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். நான் அவன்ரை சேட்டை மடிச்சுக் கையிலை வைச்சுக்கொண்டு மைதான வாசலிலை நிக்கிறன். அவன் அதுக்குள்ளை கொழும்பு பஸ்ஸிலை.

— ஏஜென்சிக்காரன் அண்டைக்குத்தான் பயணம் எண்டு சொன்னால் அண்ணை என்ன செய்யிறது?

— எனக்குச் சொல்லியிருக்கலாம்.

— சொன்னால் விட்டிருப்பியளோ?

— விட்டிருக்கமாட்டன்.

— பிறகென்ன? அதோடை, அண்டைக்குத் தோத்தது அண்ணையாலை இல்லை. வாங்கிலை மாத்தி இறக்க மூண்டு பெடியள் சேட்டும் போட்டுக்கொண்டு இருந்தவங்கள். கோச்சா நிண்ட நீங்கள் ஒருத்தனையும் இறக்கேல்லை. கடைசி விசில்மட்டும் பத்துப் பேரோடை விளையாட விட்டனீங்கள். ஊர் முழுக்கத் தெரியும்.

— அவன் வருவான் எண்டு நினைச்சன், பிள்ளை. ஒவ்வொருக்காப் பந்து வெளியாலை போகேக்கையும் வாசலைத்தான் பாத்தனான். அந்த இடத்திலை வேறை ஒருத்தனை எப்பிடி விடுறது?

— சரி அப்பா. விடுங்கோ. தண்ணி தரட்டோ?

— வேண்டாம். பேசாமல் இரு. கோணர் அடிக்கிறான். தலையாலை... ஓம்! ரெண்டாவது!

— இப்ப ஏன் துள்ளாமல் இருக்கிறியள்? ரெண்டுக்குச் சைபர்!

— பொறு. போனைப் பாக்கிறன்.

— அப்பா...

— பொறு எண்டுறன்... இல்லை. அடிக்கேல்லை. இன்னும் இல்லை. திருப்பிக் காட்டுறாங்கள். வெள்ளைச் சேட்டுக்காரர் பந்தை நடுவுக்குக் கொண்டு வந்திட்டாங்கள். இன்னும் இல்லை... இந்தா. இப்ப அடிக்குது. பாத்தியோ?

— நெட்வேர்க்...

— விசர்க் கதை கதையாதை. பிள்ளை, அவன் ஸ்ரேடியத்திலை இல்லை. எங்களைப் போலை அவனும் இணையத்திலைதான் பாக்கிறான். எங்களிலும் பிந்திப் பாக்கிறான். எத்தினை காச்சலோடை, எத்தினை மழையிலை போய் நிண்டவன்? இண்டைக்கு ஏன் போகேல்லை? என்னவோ நடந்திட்டுது. எங்கையோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலை படுத்துக்கொண்டு, அப்பன் பயப்படுவான் எண்டு போனை மட்டும் அடிக்கிறான்.

— ஐயோ, அப்பிடி ஒண்டும் இல்லை அப்பா.

— உனக்கு எப்பிடித் தெரியும்? என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு. அவன் சுகமா இருக்கிறானோ?

— சுகமா இருக்கிறார்.

— சத்தியமா?

— சத்தியமா. அண்ணைக்கு ஒண்டுமில்லை.

— சரி. அப்ப நான் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லு. எங்கடை ரூட்டர் சின்னம்மா வீட்டுக்கும் எட்டுமோ?

— ஏன் கேக்கிறியள்?

— ஒரு கிணத்திலை ரெண்டு பம்பு போட்டால் தண்ணி இழுக்காது. ஒருநாளும் இல்லாமல் இண்டைக்கு இந்த வட்டம் நாலுதரம் சுத்துது. அங்காலை ஆரோ ரெண்டாம் பம்பு போட்டிருக்கிறான். கணவாய் தின்னுற ஒருத்தன். கோல் விழுந்தால் எனக்கு மிஸ்கோல் அடிக்கிற ஒருத்தன். முகத்தை ஏன் அங்காலை திருப்பிறாய்? அழுறியோ?

— இல்லை. ஓம். புதன்கிழமை வந்தவர். இப்பதான் விசாப் பேப்பர் சரிவந்தது. அது இல்லாமல் வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாதெல்லோ. மூண்டு கிழமை லீவு.

— புதன்கிழமை. வேலிக்கு அங்காலை.

— இரவிலை வேலியடியிலை வந்து நிண்டு நீங்கள் ரேடியோ கேக்கிறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறவர். உள்ளை வரப் பயம். ‘நான் வந்து முன்னாலை நிண்டு அப்பா எண்டு கூப்பிட, அவர் வாய் திறக்காமல் இருந்தால் தாங்கமாட்டன் தங்கச்சி’ எண்டு சொல்லுறார்.

— சரியாத்தான் சொல்லியிருக்கிறான். நான் வாய் திறக்கேலாது.

— அம்மா பூசாரி ஐயாவைக் கேட்டவ. ஒரு பொங்கல் போட்டு அம்மாளிட்டை மன்னிப்புக் கேட்டால் காணுமாம்.

— பொங்கல் போட்டுத் திருப்பி வாங்கிற சத்தியம் எண்டால் அண்டைக்குக் கையைச் சுட்டிருக்கமாட்டன். இந்தா பார், தழும்பு இருக்கு.

— அப்ப மூண்டு கிழமையும் அவர் வேலிக்கு அங்காலையும் நீங்கள் இங்காலையுமோ? பிறகு அவர் பிளேன் ஏறிப் போறதோ? இனி எப்ப வருவாரோ தெரியாது. எனக்கு வெறுத்துப்போச்சு அப்பா. உங்கடை அம்மாளும் உங்கடை கற்பூரமும்!

— அம்மாளைப் பேசாதை. விசில் அடிச்சிட்டான், பாதி முடிஞ்சுது. இஞ்சை கேள். நான் அண்டைக்கு என்ன சொன்னனான்?

— ‘நிருஷனோடை ஒரு சொல்லுக் கதைக்கமாட்டன்.’

— கதைக்கமாட்டன். அவ்வளவுதான். அவனோடை இருந்து பந்து பாக்கமாட்டன் எண்டு சொன்னனானோ?

— இல்லை.

— கொம்மா எனக்குப் போட்ட கணவாய் ரெண்டு துண்டும் கிடக்கோ?

— கிடக்கு.

— அப்ப போய்ச் சொல்லு. முன்வாசலாலை வரச்சொல்லு. வேலிக்குள்ளாலை பூந்து வரக்கூடாது.

— அண்ணை! அண்ணை, வாங்கோ! சேட்டை மாத்தத் தேவையில்லை, அப்பிடியே வாங்கோ! அம்மாவும் வரட்டும்!

— அம்மா வரமாட்டாவாம் கஜா. தான் வந்தால் அழுது ஊரைக் கூட்டிப்போடுவனாம், அப்பாவைக் குழப்பாமல் சின்னம்மாவோடை இருந்து அங்கையே பாக்கிறாவாம். என்ரை கொம்பியூட்டரை விட்டிட்டு வந்தனான்... அப்பா.

— கஜந்தினி, உவனுக்குக் கதிரையைக் காட்டு.

— அண்ணை, இதிலை இருங்கோ. இல்லை, இதிலை. அப்பாவுக்குப் பக்கத்திலை.

— மெலிஞ்சு போனியள் அப்பா.

— பிள்ளை, தலைமயிர் கொட்டின ஆக்கள் மற்றவையின்ரை உடம்பைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை எண்டு சொல்லு.

— அண்ணை, அப்பா சொல்லுறார்...

— கேட்டது கஜா. ஓம் எண்டு சொல்லு. கொட்டித்தான் போச்சு.

— உந்த ரோசாச் சேட்டையும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். ஐஸ்பழம் மாதிரி. சாப்பிட்டவனோ எண்டு கேள்.

— சாப்பிட்டனான் அப்பா.

— நான் உன்னைக் கேட்டனான் பிள்ளை.

— சாப்பிட்டவராம் அப்பா. ஐயோ, ரெண்டு பேருக்கும் நடுவிலை நான் கிளியைப் போலை திருப்பித் திருப்பிச் சொல்லோணும். அண்ணை, நீங்கள் இனி மிஸ்கோல் அடிக்கத் தேவையில்லை, அந்தப் போனை ஓஃப் பண்ணுங்கோ.

— ஓஃப் பண்ணேலாது கஜா. அங்கை ஸ்ரேடியத்திலை எனக்குப் பக்கத்துச் சீற்றிலை இருக்கிறவன் டினேஸ், எங்கடை அரியாலைப் பெடியன். முதல் பாதியிலை நான் பிந்திப் பிந்தி அடிக்க, அப்பா கண்டுபிடிச்சிடுவார் எண்டு விளங்கிட்டுது. அதுதான் எங்கடை பக்கம் கோல் போட்டால் உடனை எனக்கு மிஸ்கோல் அடி எண்டு அவனுக்குச் சொல்லிவிட்டனான்.

— களவுக்கும் ஒரு கெட்டித்தனம் வேணும் எண்டு சொல்லு. தொடங்கிட்டாங்கள். இனி ஒருத்தரும் கதைக்கக்கூடாது. பின்னுக்கு ஆள் இல்லை, பார் பிள்ளை. நாலுபேரும் முன்னுக்குப் போயிட்டாங்கள். இப்பிடித்தான் வாங்கிக் கட்டுவாங்கள்.

— ஐயோ, போட்டிட்டான்.

— கஜா, அப்பாட்டைச் சொல்லு, அது ஓப்சைட் எண்டு.

— பிள்ளை, ஓப்சைட் இல்லை எண்டு சொல்லு. வலப்பக்கத்திலை நிண்டவன் பிந்தி ஏறினவன்.

— நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து என்னை விசராக்கப் போறியள்.

— இன்னொண்டும் விழுகுது பார். விழுந்திட்டுது. ரெண்டுக்கு ரெண்டு. இவங்கள் வெல்லமாட்டாங்கள்.

— நேரம் இருக்கு அப்பா.

— பிள்ளை, இவங்கள் இண்டைக்குத் தோத்தால் மேல் டிவிசனுக்குப் போற கதை முடிஞ்சுதோ எண்டு கேள்.

— ஓம். சமநிலை எண்டாலும் கஷ்டம்தான் எண்டு சொல்லு கஜா. இண்டைக்கு வெண்டே ஆகோணும்.

— அண்ணை, அப்பான்ரை கை உங்கடை முழங்காலிலை கிடக்கு.

— பேசாதை கஜா. பாத்தால் எடுத்திடுவார்.

— கடைசி நிமிசம். குடடா, உள்ளுக்குக் குடு... விழுத்திட்டான்! விழுத்திட்டான்! விசில்! பெனால்ட்டி!

— அப்பா, இருங்கோ! முழங்கால்!

— பந்தை வைக்கிறான். பின்னாலை போறான். கீப்பர் துள்ளுறான். அம்மாளே தாயே. ஓடி வாறான்... ஓடி வாறான்...

— ஐயோ, வட்டம்!

— உந்தக் கோதாரியிலை போன வட்டம்! பிள்ளை, அந்த ரூட்டரைத் தட்டு!

— தட்டினால் வருமோ? அங்காலை அம்மாவும் சின்னம்மாவும் பாக்கினம். பொறுங்கோ... ஆற்றை போன் அடிக்குது?

— என்ரைதான் கஜா.

— டேய் நிருஷன், கோலோடா மோனை?