கிளைவ் வீட்டு மேக்பைகள்

ஜனவரி கடைசியில் ஒரு மணி நேரம் ஜன்னலோரம் தேநீரோடு உட்கார்ந்து, தோட்டத்துக்கு வரும் பறவைகளை எண்ணி, பறவைச் சங்கத்துக்குக் கணக்கு அனுப்புவது எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். எனக்கு ராபின் குருவிகள் மேல் பிரியம். புறா வந்தாலும் சந்தோஷமே. காக்கை இனத்து மேக்பைதான் ஆகாது. கறுப்பும் வெள்ளையுமாக, வழக்கில் ஜெயித்த வக்கீல் மாதிரி வாலை இழுத்துக்கொண்டு நடந்துவரும். ராபின் கூட்டிலிருந்து குஞ்சுகளைத் தூக்கிப் போகும்.

முன்பெல்லாம் ஒன்றிரண்டுதான் வரும். பக்கத்து வீட்டு கிளைவ் ஆர்மரோட் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபின், பன்றி இறைச்சித் தோலைப் புல்தரையில் போட ஆரம்பித்தார். அடுத்த ஜனவரியில் ஒரு கூட்டமே வந்தது.

வேலிக்கு மேலாக மரியாதையாகத்தான் சொன்னேன்.

"கிளைவ், உங்க விருந்தாளிங்க என் குஞ்சுங்களைத் தின்னுடுதுங்க."

"அதுங்களுக்கும் வயிறு இருக்குல்ல ஜேனிஸ். உங்க ராபின் மட்டும் சைவமா? புழுகிட்ட கேட்டுப் பாருங்க."

இருவரும் சிரித்தோம். நான் உள்ளே வந்து யோசித்தேன். பறவையை விரட்டிப் பயனில்லை. தீனி போடுகிறவர் இருக்கும்வரை வந்துகொண்டேதான் இருக்கும். இதைக் கோபத்தில் முடிவு செய்யவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறுதோறும் அவருக்கு ஒரு கிண்ணம் மாட்டிறைச்சி ஸ்டூ கொண்டுபோனேன். மனைவி போன பிறகு டப்பா உணவிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தார், பாவம். எலிக்கு வாங்கிய மருந்தை அதில் கலந்தேன். கொஞ்சம்தான், வயதானவராயிற்றே.

மறுநாளே கிண்ணம் பளிச்சென்று கழுவித் திரும்பும்.

"பிரமாதம் ஜேனிஸ். துளிகூட மிச்சம் வைக்கல."

ஆனால் ஆள் அசரவில்லை. மாதங்கள் போகப் போக மேக்பைகள்தான் குறைந்தன. இந்த ஜனவரியில் ஒன்றுகூட வரவில்லை. கிளைவ் மேலங்கிப் பைகளுக்குள் கைகளை விட்டபடி வேலியோரம் நின்றார்.

"எங்க போச்சுங்கன்னே தெரியல. காலையில கதவத் தொறந்தா, என்னைப் பாத்துக் கத்த ஒரு ஜீவன் இல்ல."

எனக்கும் வருத்தமாக இருந்தது. அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

மேக்பைகள்தான் போய்விட்டனவே, அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு போய் அவர் கதவைத் தட்டக் கூச்சமாக இருந்தது. அளவை மட்டும் சற்றுக் கூட்டினேன். பிப்ரவரியில் கிளைவ் இறந்தார். அடக்கத்துக்கு எலுமிச்சை கேக் செய்து எடுத்துப்போனேன். அதில் எதுவும் கலக்கவில்லை.

அவர் தங்கை உங்களிடம் சொன்னதை நீங்கள் சொல்லித்தான் நான் அறிந்தேன். "அந்தம்மா ஸ்டூவை வாயில வைக்க முடியல. சொன்னா மனசு நோகும். பறவைங்களுக்குப் போட்டுடுறேன்" என்று கிளைவ் தொலைபேசியில் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாராம். பறவைகள் வராமல் போனதும், இறைச்சியை வீணாக்க மனமில்லாமல் தானே சாப்பிடத் தொடங்கியிருக்கிறார்.

இது என்னை மிகவும் புண்படுத்திவிட்டது. பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வேறு ஏதாவது சமைத்திருப்பேன்.

கிளைவ் விஷயத்தில் நீங்கள் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன், இன்ஸ்பெக்டர். ஆனால் அந்த மேக்பைகளின் சாவை என் பெயரில் எழுதாதீர்கள். நான் எந்தப் பறவைக்கும் தீங்கு செய்ததில்லை. அவற்றுக்கு விஷம் வைத்தவர் அவர்.