நெஞ்சுக் கலவைக்கு முதல் பரிசு

என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால்தான் சாம்பல் செங்கல் கம்பெனியில் மனுக்களுக்குப் பதில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. மற்றபடி எனக்கும் அந்தத் தெருக்காரர்களுக்கும் எந்தப் பகையும் இல்லை, ஐயா.

நெய்வேலி நகரியத்தை ஒட்டி, முத்தாண்டிக்குப்பம் சாலையில் எங்கள் கம்பெனி. முற்றத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் மலைபோல் கிடக்கும். காற்றடித்தால் எதிர்த் தெருவுக்குக் குடிபோய்விடும். குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள் என்று அறுபத்து மூன்று மனுக்கள் வந்திருந்தன. 1998 ஜூனில் ஓர் அதிகாரி ஆய்வுக்கு வருவதாகத் தகவல்.

"அவரு பாக்கறப்ப ஒரு மனுகூட இருக்கக் கூடாது, தைரியநாதன்" என்றார் முதலாளி தனகோட்டி.

கிழித்துப் போட மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல தமிழ். முகத்தில் படிவதற்கு ‘ஓசி பவுடர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மாடியில் காய்ந்தது ‘சிமெண்டு வடாம்’. சர்ச்சில் வருடத்துக்கு ஒரு நாள்தான் நெற்றியில் சாம்பல் பூசுவார்கள், எங்கள் தெருவில் தினமும் விபூதிப் புதன் என்று மரியபுஷ்பம் டீச்சர் எழுதியிருந்தார். வாய்விட்டுச் சிரித்தேன்.

எனவே சுற்றுச்சூழல் தினத்துக்குச் ‘சொல்வளப் போட்டி’ அறிவித்தேன். மனுக்களின் மேலிருந்த ‘ஐயா’வையும், கீழிருந்த ‘உடனே நடவடிக்கை எடுக்கவும்’ என்பதையும் கத்தரித்தேன். மிச்சத்தைப் போட்டிக் கோப்பில் சேர்த்தேன். மனுக் கோப்பு காலியானது. அன்றைக்கே ஆய்வுக்கு வந்த அதிகாரி மகிழ்ந்துபோய்ப் பரிசுகளைத் தன் கையாலேயே கொடுத்தார். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். வாங்கிய பிறகு யாரும் மனு எழுதவில்லை, கூச்சமாக இருந்திருக்கும்.

முதல் பரிசான ஹாட்பாக்ஸ் எதிர்த் தெரு ஷம்சாத்துக்கு. கணவர் ஷேக் தாவூத் இருமித் துப்புவதை ‘நெஞ்சுக் கலவை’ என்று எழுதியிருந்தார். நடுவர் நான் ஒருவன்தான், யோசிக்கவே இல்லை.

மேடையில் ஹாட்பாக்ஸை வாங்கிக்கொண்டு, "எங்க வூட்டுக்காரரு ஓயாம இருமிகினே கெடக்காருங்க. அந்தக் குவியல எப்பங்க மூடுவீங்க?" என்றார். அதிகாரி காதில் விழுவதற்குள் எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். நன்றாகவே தட்டினார்கள்.

டிசம்பரில் தாவூத் இறந்துபோனார். சாம்பல்தான் காரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாராம். இருக்கலாம். அவர் மனைவியின் மனுவை மறைத்தது நான்தான். மற்ற அறுபத்திரண்டையும் நான்தான்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். அடுத்த வருடப் போட்டிக்கு நானே அந்த அம்மா வீடு தேடிப் போய்ப் படிவம் கொடுத்தேன். ஒரு வார்த்தைகூட எழுதித் தரவில்லை. இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு ஒருவர் இப்படிச் சோம்பேறியாக இருக்கலாமா, ஐயா?